பழைய மரையாணியும் தீவகத்து எஞ்சினும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே கடலிற் பரந்து கிடக்கும் தீவுகளுள் மிகச் சிறியவற்றுள் ஒன்று எழுவைதீவு. காரைநகரும் வேலணையும் புங்குடுதீவும் தாம்போதிகளால் தரையோடு பிணைக்கப்பட்டுள்ளன. எழுவைதீவுக்கு அத்தகைய பிணைப்பு இல்லை. அரிசியும் மாவும் சீமெந்தும், ஆசிரியரும் நோயாளியும், தபாலும் மருந்தும் ஊர்காவற்றுறையிலிருந்து கடல் கடந்தே அங்குச் சேர வேண்டும். பாய் விரித்து ஓடிய காலத்தில் மக்களின் நம்பிக்கை காற்றின்மேல் இருந்தது. எஞ்சின் வந்தபின் அந்த நம்பிக்கை இரும்பின்மேல் மாறியது.

தரையில் ஓடும் கார் நின்றுவிட்டால் இறங்கித் தள்ளலாம்; நிழலில் அமர்ந்து அடுத்த பஸ்ஸை எதிர்பார்க்கலாம். கடலின் நடுவே எஞ்சின் நின்றால் இறங்கித் தள்ளுவதற்குத் தெரு இல்லை. ஆதலால், எஞ்சினைத் திறந்து திருத்திப் பூட்டும் ஒவ்வொரு முறையும் தீவகத்தில் ஒரு கேள்வி எழும். கழற்றிய மரையாணிகள் மண்ணெண்ணெய்த் தட்டில் ஊறிக் கிடக்கின்றன. அவற்றுள் எது மீண்டும் உள்ளே போகலாம்? எது போகக் கூடாது?

மரையாணி எனப்படுவது கராச்சுகளில் 'போல்ற்' என வழங்குவது. அதன் மரையில் ஏறிப் பூட்டும் சுரையை 'நட்டு' என்பர். இவ்விரண்டும் விரலளவுப் பொருள்கள். ஆயினும், பழைய மரையாணியை மீண்டும் பூட்டலாமா என்ற கேள்விக்கு நீண்டதொரு வரலாறு உண்டு. அதன் ஒரு பகுதி இங்கிலாந்தின் தொழிற்சாலைகளில் நடந்தது. மற்றொரு பகுதி யாழ்ப்பாணத்துக் கராச்சுகளிலும் படகுத் துறைகளிலும் நடந்தது.

பொருத்தியதைக் கழற்றிப் பயனுள்ளதைக் காத்துத் தேய்ந்ததை மாற்றும் அறிவு தமிழ்க் கடற்கரைக்குப் புதியதன்று. சோழமண்டலக் கரையில் அலையோடு மோதிய படகுகளின் பலகைகள் ஆணியால் அறையப்படவில்லை, தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டன. கயிறு இற்றபோது தையலைப் பிரித்தனர்; பலகையைக் காத்தனர்; புதுக் கயிறு கொண்டு மீண்டும் தைத்தனர். பலகை நிலைப்பது, கயிறு கழிவது என்ற பாகுபாடு அங்கே ஐயமின்றி விளங்கியது. எஞ்சினில் அந்தப் பாகுபாடு அத்தனை எளிதாகக் கண்ணுக்குத் தெரிவதில்லை. அங்கே பலகையும் இரும்பு, கயிறும் இரும்பு.

பதினெட்டாம் நூற்றாண்டு முடியும்வரை ஐரோப்பாவிலும் ஒவ்வொரு மரையாணியும் தனித்தனியே செய்யப்பட்டது. ஒரு மரையாணிக்கெனச் செய்த சுரை மற்றொன்றுக்குப் பொருந்தாது. இயந்திரத்தைப் பிரிப்பவர் எந்தச் சுரை எந்த ஆணிக்குரியது எனக் குறியிட்டு வைத்தல் வேண்டும். குறி தவறினால் மீண்டும் பூட்டுதல் பெருந்தொல்லையாகும். அந்நாளில் பழைய மரையாணியைத் திரும்பப் பயன்படுத்துதல் சிக்கனமன்று, வேறு வழியில்லாமை. 1800ஆம் ஆண்டளவில் இலண்டனில் ஹென்றி மோட்ஸ்லி திருத்தமாக மரை வெட்டும் கடைசல் இயந்திரத்தை அமைத்தார். அவரது பட்டறையில் வேலை பழகிய ஜோசப் விற்வேர்த், பல பட்டறைகளிலிருந்து மரையாணிகளைத் திரட்டி அளந்து, 1841ஆம் ஆண்டில் நாடு முழுவதற்கும் ஒரே அளவுமுறையை முன்மொழிந்தார். மரையின் சாய்வு 55 பாகை எனவும், இன்ன பருமனுக்கு ஓர் அங்குலத்தில் இத்தனை மரை எனவும் அவர் வகுத்தார்.

அன்றுமுதல் மரையாணி தனிப்பிறவி அன்று; ஓர் இனத்தின் உறுப்பு. ஓர் ஊரில் தொலைந்ததற்கு ஈடாக மற்றோர் ஊரில் வாங்கியதைப் பூட்டலாம் என்ற நிலை வந்தது. ஆனால் அமெரிக்கர் 1864ஆம் ஆண்டுமுதல் வில்லியம் செல்லர்ஸ் வகுத்த 60 பாகை மரையைத் தழுவினர். இரண்டாம் உலகப் போரின்போது நேச நாடுகளின் படைகளுக்கு இவ்வேறுபாடு பெரும் இடராயிற்று. ஒரு நாட்டு இயந்திரத்துக்கு மற்றொரு நாட்டு மரையாணி பொருந்தவில்லை. அதன் விளைவாக 1948ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் பிரித்தானியா, அமெரிக்கா, கனடா ஆகிய மூன்று நாடுகளும் 60 பாகைச் சாய்வுடைய ஒன்றிணைந்த மரைமுறையை வாஷிங்டனில் ஏற்றுக்கொண்டன.

அதே 1948ஆம் ஆண்டில் இலங்கை சுதந்திரம் பெற்றது. மொறிஸ் மைனர் காரும் அவ்வாண்டிலேயே வெளிவந்தது. அந்தக் காரும் ஒஸ்ரின் இனத்துக் கார்களும் பின்னர் யாழ்ப்பாணத் தெருக்களின் அடையாளமாகவே ஆகிவிட்டன. அவற்றைத் திருத்த முற்பட்டவருக்கு மரையின் வரலாறு முழுவதும் ஒரே தட்டில் வந்து விழுந்தது. முதற் காலத்து மொறிஸ் மைனரின் எஞ்சின், கொவென்றியிலிருந்த பிரெஞ்சு நிறுவனமொன்றிடம் மொறிஸ் வாங்கிய தொழிற்சாலையின் மரபில் வந்தது. ஆதலால் அதன் மரைகள் மெற்றிக் அளவின. ஆணியின் தலையோ விற்வேர்த் சாவிக்குப் பொருந்துவது. 1952ஆம் ஆண்டில் ஒஸ்ரினும் மொறிஸும் ஒன்றிணைந்தபின் அக்காருக்கு ஒஸ்ரினின் எஞ்சின் கிடைத்தது. அதன் மரைகள் பெரும்பாலும் புதிய ஒன்றிணைந்த முறையைச் சேர்ந்தவை. பெயரும் உருவமும் ஒன்றாயிருந்த இரு கார்களின் மரையாணிகள் ஒன்றுக்கொன்று அந்நியமாயின.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. கால் அங்குலப் பருமனில் விற்வேர்த் மரையும் ஒன்றிணைந்த முறையின் பரும மரையும் அங்குலத்துக்கு 20 என்ற ஒரே எண்ணிக்கையின. ஆதலால் ஒன்றில் மற்றொன்று ஏறிவிடும். ஆயினும் ஒன்றின் சாய்வு 55 பாகை. மற்றதன் சாய்வு 60 பாகை. மரைகள் முழுப் பக்கமும் படியாமல் விளிம்பில் மட்டும் பற்றும். அரை அங்குலப் பருமனிலோ ஒன்று 12 மரை, மற்றது 13 மரை. சில சுற்றுகளிலேயே இறுகி நிற்கும். அதனைச் சாவியால் வலிந்து ஏற்றினால் இரண்டும் கெடும். கைவிரலால் எளிதில் ஏறாத சுரையைச் சாவியால் ஏற்றாதே என்பது கராச்சுகளின் முதற் பாடமானது இவ்வாறே.

இக்காலத்திலேயே கடலிலும் தோட்டத்திலும் எஞ்சின் பரவியது. 1958ஆம் ஆண்டில் அரசாங்கம் மீன்பிடியை இயந்திரமயமாக்கும் திட்டத்தைத் தொடக்கி, டீசல் எஞ்சின் பூட்டிய 28 அடிப் படகுகளை அறிமுகஞ் செய்தது. துலா மிதித்து நீரிறைத்த தோட்டங்களில் மண்ணெண்ணெயால் ஓடும் நீரிறைக்கும் இயந்திரம் ஒலிக்கத் தொடங்கியது. எஞ்சின்கள் பெருகின. அவற்றுக்கான பாகங்களோ கடல் கடந்து வரவேண்டியவையாக இருந்தன.

1960களின் தொடக்கத்தில் நாட்டின் அந்நியச் செலாவணி அருகியது. இறக்குமதிக்குக் கட்டுப்பாடும் அனுமதிப் பத்திரமும் வந்தன. புதிய கார் அரிதாயிற்று. புதிய பாகம் அதனினும் அரிதாயிற்று. 1977ஆம் ஆண்டில் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை இந்நிலை நீடித்தது. உடைந்த காரொன்றும் குப்பையாகப் போகாத காலம் அது. அதன் கதவு ஒரு காருக்குப் போயிற்று. சில்லு மற்றொன்றுக்குப் போயிற்று. மரையாணிகள் தகரப் பேணிகளில் இனம் பிரிக்கப்பட்டுத் திருத்துவோரின் அருகில் இருந்தன. இவ்வாறு பழைய மரையாணியின் பயன் ஒரு தலைமுறையின் தொழில் ஒழுக்கமாகவே வளர்ந்தது.

இந்த ஒழுக்கம் வெறும் சிக்கனம் எனக் கருதுவது பிழை. சிக்கனம் எல்லாவற்றையும் சேர்த்து வைக்கும். தொழிலறிவோ சேர்த்தவற்றுள் எதனைத் தள்ளுவது என அறியும். அதனை விளங்கிக்கொள்ள மரையாணி எஞ்சினுக்குள் என்ன வேலை செய்கிறது என்பதை அறிதல் வேண்டும்.

மரையாணி இரண்டு பாகங்களை வெறுமனே கோத்து வைப்பதன்று. சுரையை இறுக்கும்போது ஆணி மயிரிழையளவு நீளுகிறது. நீண்ட ஆணி தன் பழைய நீளத்துக்குத் திரும்ப முயல்கிறது. அந்த முயற்சியே இரு பாகங்களையும் அழுத்திப் பிடிக்கிறது. ஆகவே ஒவ்வொரு மரையாணியும் ஒரு விறைத்த வில்லுக்குச் சமம். ஒரு குறித்த எல்லைவரை இழுத்தால், விட்டபின் அது பழைய நீளத்தை அடையும். இதனை மீள்தன்மை எல்லை என்பர். அவ்வெல்லையைத் தாண்டினால் ஆணி நீண்டது நீண்டதாகவே நிற்கும். நடுவில் இடை மெலியும். அத்தகைய ஆணி பார்வைக்கு ஆணியே; தொழிலுக்கு ஆணியன்று.

சாவியைத் திருப்பும் விசையில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கே ஆணியை இழுப்பதற்குச் செலவாகிறது. எஞ்சிய ஒன்பது பங்கும் தலையின் அடியிலும் மரையிலும் உராய்வால் கழிகின்றன. உப்புக் காற்றில் துருவேறிய மரையாணியைத் துப்புரவு செய்யாது இறுக்கினால், கைக்கு அது மிக இறுகியதுபோலத் தோன்றும். உள்ளே போதிய இழுவிசை இராது. எண்ணெய் பூசிய மரையில் அதே விசையைக் கொடுத்தாலோ ஆணி அளவுக்கு மீறி நீளக்கூடும். கடல் சூழ்ந்த ஊரில் திருத்துபவர் முதலில் துருவை நீக்கி, மரையைத் துலக்கி, ஒரே தன்மையான எண்ணெயைத் தடவியபின் இறுக்குவதன் காரணம் இதுவே.

இனி, இரும்புக்கும் களைப்பு உண்டு. 1842ஆம் ஆண்டில் பிரான்சில் வேர்சாய் அருகே புகைவண்டியின் அச்சொன்று முறிந்து பலர் மாண்டனர். ஒருமுறை தாங்கும் பாரத்தைப் பல்லாயிரமுறை தாங்கும்போது இரும்பு ஏன் முறிகிறது என்ற ஆராய்ச்சி அத்தகைய விபத்துகளின் பின் எழுந்தது. செருமனியில் ஓகஸ்ற் வோலர், புகைவண்டி அச்சுகளை ஆண்டுக்கணக்காகச் சோதித்து அதன் விதிகளைக் கண்டார். எஞ்சினில் இந்த விதி மிகக் கடுமையாகச் செயற்படும் இடம், பிஸ்டனைச் சுழல்தண்டோடு இணைக்கும் கோலின் அடிப்பகுதி. நிமிடத்துக்கு 1,500 முறை சுழலும் எஞ்சின் ஒரு மணி நேரத்தில் 90,000 சுற்றுச் சுற்றும். நான்கு வீச்சு எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை அக்கோலின் மரையாணிகள் வலிதாக இழுபடும். அஃதாவது ஒரு மணிக்கு 45,000 இழுப்பு. அவற்றுள் ஒன்று முறிந்தால் கோல் விடுபட்டு எஞ்சினின் சுவரையே உடைத்து வெளிவரும்.

வியப்புக்குரியது யாதெனில், அளவாக இறுக்கிய மரையாணி இந்த இழுப்புகளுள் பெரும்பகுதியை உணர்வதேயில்லை. அதன் சொந்த இறுக்கம் வெளி இழுப்பைவிடப் பெரிதாயிருப்பதால் அது அசைவின்றி நிற்கிறது. தளர்ந்த மரையாணியோ ஒவ்வோர் இழுப்பையும் முழுமையாகத் தாங்கிக் களைத்து முறிகிறது. வயதினால் முறிந்தவற்றைவிடத் தளர்வினால் முறிந்தவை பல.

ஆகவே பழைய மரையாணிகளைத் தெரிவு செய்வதற்கு ஒழுங்கான முறை அமைந்தது. ஒரே இடத்து ஆணிகளை வரிசையாக நிறுத்தி நீளம் பார்த்தல். ஒன்று உயர்ந்து நின்றால் அதனைத் தள்ளுதல். சுரையைக் கைவிரலால் முழு மரையும் ஓட்டிப் பார்த்தல். இடையில் இறுகினால் அங்கே மரை நீண்டுள்ளது எனக் கொள்ளுதல். தலையின் கழுத்திலும் மரை தொடங்கும் இடத்திலும் வெடிப்பு உண்டா என நோக்குதல். துரு குழியாக அரித்ததை எஞ்சினின் உள்ளே விடாது, வெளி மூடிகளுக்கு ஒதுக்குதல். சுரை கழலாது காக்கும் பிளவூசியையும் மடிப்புத் தகட்டையும் ஒருபோதும் மீண்டும் பூட்டாதிருத்தல். ஒவ்வோர் ஆணியும் தான் வந்த துளைக்கே திரும்பச் செல்லுமாறு அட்டையில் துளையிட்டுக் குத்தி வைத்தல். விற்வேர்த்துக்கு முந்திய காலத்துக் குறியிடும் வழக்கம், காரணம் வேறாகி, இங்கே மீண்டும் உயிர்பெற்றது.

இந்த அறிவுக்குப் பெருஞ்சோதனை 1990ஆம் ஆண்டில் வந்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டது. குடாநாட்டுக்குப் பெற்றோல், டீசல், மின்கலம், வாகன உதிரிப்பாகம் முதலியன செல்வதற்குத் தடை விதிக்கப்பட்டது. மின்சாரம் நின்றது. மிதிவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட ஆண்டுகள் அவை. தீவகத்து மக்கள் பலர் வீடும் படகும் விட்டு இடம்பெயர்ந்தனர்.

பெற்றோல் கிடைக்காத நிலையில் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலைக் கொண்டு எஞ்சினை இயக்கிச் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். அக்கால ஒஸ்ரினும் மொறிஸும் தாழ்ந்த அமுக்கமுடையவை. ஆதலால் இதனைப் பொறுத்தன. ஆனால் அதற்கு விலை இருந்தது. முழுதும் எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டனின் பக்கமாகக் கசிந்து மசகெண்ணெயோடு கலந்து அதனை நீர்த்துப்போகச் செய்தது. எரிதல் ஒழுங்கின்றி வெடித்து எஞ்சின் இடித்தது. தாங்கிகள் விரைந்து தேய்ந்தன. ஆண்டுகள் கழித்துத் திறக்க வேண்டிய எஞ்சினை அடிக்கடி திறக்க வேண்டியதாயிற்று.

திறக்குந்தோறும் அதே மரையாணிகள் கழன்றன. அதே மரையாணிகள் இறுகின. மாற்று ஆணி வாங்கக் கடையில்லை. பேணியில் இருந்தவை குறைந்துகொண்டே வந்தன. தள்ளவேண்டிய ஆணியைத் தள்ளும் துணிவு அந்நாளில் எளிதன்று. தள்ளினால் வண்டி நிற்கும். தள்ளாது பூட்டினால் வழியில் எஞ்சின் உடையலாம். அந்த வண்டி நோயாளியை ஏற்றிச் செல்லும் வண்டியாகவும் இருக்கலாம். கிளாலியிலிருந்து நீரேரியைக் கடந்து வன்னிக்குச் சென்ற படகுகள் இரவிருளிற் புறப்பட்டன. எஞ்சின் பூட்டிய ஒரு படகின் பின்னே பல படகுகள் கயிற்றால் கட்டி இழுக்கப்பட்டன. முன்படகின் எஞ்சின் நின்றால் பின்னால் வந்த அத்தனை உயிர்களும் குண்டுவீச்சுக்கும் துப்பாக்கிச் சூட்டுக்கும் இலக்காகக்கூடிய நீர்வெளியில் நின்றன.

இங்கே ஒரு முரண்பாட்டையும் குறித்தல் தகும். அதே 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரத்து மொறிஸ் மைனர் புதுப்பிப்பு நிலையமொன்றுக்காகத் தென்னிலங்கையில் அக்காரின் பாகங்கள் செய்யப்பட்டு ஏற்றுமதியாயின. பழைய கார் அங்கே விருப்பத்தால் வாழ்ந்தது. யாழ்ப்பாணத்தில் வேறு வழியில்லாமையால் வாழ்ந்தது. ஒரே நாட்டில் ஒருபுறம் புதிய பாகம் கப்பலேறிற்று. மறுபுறம் தேய்ந்த மரையாணி கைவிரலால் உருட்டிப் பார்க்கப்பட்டது.

2002ஆம் ஆண்டு பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்பாடு கைச்சாத்தாகி, ஏப்ரல் மாதத்தில் கண்டி வீதி திறக்கப்பட்டது. மீண்டும் மூண்ட போர் 2009ஆம் ஆண்டில் முடிந்தது. யப்பானிய வான்களும் இந்திய முச்சக்கர வண்டிகளும் நிறைந்தன. அவற்றோடு மெற்றிக் மரையும் நிலைபெற்றது. தகரப் பேணியிலிருந்த அங்குல மரையாணிகள் மெல்ல மெல்லப் பயனிழந்தன. 2010களின் பிற்பகுதியில் எழுவைதீவில் காற்றும் கதிரொளியும் டீசலும் சேர்ந்து மின்னாக்கும் நிலையம் அமைந்தது. எனினும் தீவுக்குச் செல்லும் வழி இன்றும் கடலே. அக்கடலைக் கடப்பது இன்றும் எஞ்சினே.

புதிய எஞ்சின்களோடு ஒரு புதிய மரையாணியும் வந்தது. 1980கள் தொடங்கிப் பல எஞ்சின்களின் சிலிண்டர் மூடிக்கும் கோலுக்கும் இடும் ஆணிகள், மீள்தன்மை எல்லையைத் தொடும்வரை அல்லது சற்றே தாண்டும்வரை வேண்டுமென்றே இறுக்கப்படுகின்றன. ஓரளவு இறுக்கியபின் இத்தனை பாகை திருப்புக என்பது அவற்றுக்குரிய கட்டளை. இம்முறையால் எல்லா ஆணிகளும் ஒரே அளவாகப் பிடிக்கும். ஆனால் அத்தகைய ஆணி தன் வலிமையை ஒரே முறையில் செலவிட்டுவிடுகிறது. தயாரிப்பாளர் குறித்த நீள அளவுக்குள் நின்றாலன்றி அதனை மீண்டும் பூட்டலாகாது. பலவற்றை எவ்வாற்றானும் மீண்டும் பூட்டலாகாது. நாற்பது ஆண்டு பழகிய கைக்கு இது ஏற்கக் கடினமான செய்தி. வளையவில்லை, துருவில்லை, மரை துலக்கமாயிருக்கிறது. இருந்தும் தள்ளு என்கிறது நூல்.

ஆயினும் இங்கே பழைய அறிவும் புதிய விதியும் பகைத்து நிற்கவில்லை. ஒஸ்ரினின் ஆணியைக் காத்தவர், அஃது எல்லையைத் தாண்டவில்லை என்று கண்டே காத்தார். இன்றைய ஆணியைத் தள்ளுபவர், அஃது எல்லையைத் தொட்டுவிட்டது என்று அறிந்தே தள்ளுகிறார். இரண்டிடத்தும் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றே: இந்த இரும்பு இனியும் திரும்பி இழுக்குமா? அக்கேள்வியைக் கேட்காமல் பழையதெல்லாம் போதும் என்பவரும், புதியதே வேண்டும் என்பவரும் எஞ்சினை அறிந்தவராகார்.

தடைக்காலத்தைக் கடந்த யாழ்ப்பாணத்துக் கார்களைப் பற்றிப் பேசுவோர் அக்காரின் உறுதியைப் புகழ்வர். அப்புகழின் ஒரு பகுதி எண்ணெய் படிந்த கைகளுக்கு உரியது. கார் கேளாத கேள்வியை அக்கைகள் கேட்டன. பூட்டிய ஆணிகளால் மட்டுமன்றி, வறுமைக் காலத்திலும் பூட்ட மறுத்து ஒதுக்கிய ஆணிகளாலும் அந்த எஞ்சின்கள் ஓடின. ஊர்காவற்றுறைத் துறையில் எழுவைதீவுக்குப் புறப்படும் படகில் ஏறி அமர்பவர் மூடிய பலகைக்குக் கீழிருக்கும் ஆணிகளைக் காண்பதில்லை. அவற்றைக் கடைசியாகக் கண்டவர் நேர்மையோடு கண்டார் என்ற நம்பிக்கையிலேயே அவர் கடலைக் கடக்கிறார்.